வீட்டுக் கொல்லையில் கோழி: அனுமதிக்கலாமா?

பட்டணத்தை அடுத்த குடியிருப்புக்களில் வீட்டுக்காரர்கள் தங்கள் கொல்லையில் கோழி வளர்க்கலாமா, கூடாதா என்னும் கேள்வி பல தெருக்களில் எழுந்து வருகிறது. சென்னையைச் சூழ்ந்துள்ள இடங்களில் இது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. ஆவடி 2019-ஆம் ஆண்டிலும், தாம்பரம் 2021-ஆம் ஆண்டிலும் மாநகராட்சிகளாயின. இத்தகைய ஊர்களின் ஓரங்களில் வயலாக இருந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு வீடுகள் எழுந்துள்ளன. பஞ்சாரமும் கோழியுமாகத் தலைமுறைகள் வாழ்ந்த குடும்பமும், கடன் வாங்கிப் புதுவீடு கட்டிக் குடியேறிய குடும்பமும் ஒரே மதிலின் இரு புறங்களிலும் வசிக்கின்றன. ஒரு வீட்டாருக்குக் கோழி ஆஸ்தி. மற்றொரு வீட்டாருக்கு அது உபத்திரவம்.

அடியோடு தடுப்பதும் நியாயமன்று. அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதும் நியாயமன்று. அனுமதி அளிக்கலாம், ஆனால் அது தெருவார் கூடி ஏற்படுத்தும் ஒழுங்குக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பதே எமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கீழே விவரிப்போம்.

பிரயோஜனம் எவ்வளவு?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நமது நாட்டுக் கோழி வருஷத்துக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகள் இடும். ஹைதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி நிலையத்தார் கொல்லைப்புற வளர்ப்புக்கென்றே உருவாக்கிய வனராஜா என்னும் இனம் 100-க்கு மேல் இடும். 4 நாட்டுக் கோழிகள் வைத்திருக்கும் வீட்டுக்கு வருஷத்தில் 280 முட்டைகள் கிடைப்பதாகக் கொள்வோம். வளரும் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இது நல்ல ஆகாரமேயன்றி வேறன்று.

ஆனால் அடைத்து வளர்க்கும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீனி வேண்டும். நான்குக்கும் வருஷத்துக்கு 146 கிலோகிராம் ஆகிறது. முழுவதையும் விலைக்கு வாங்கினால் ஒரு முட்டைக்கு அரைக் கிலோவுக்கு மேல் தீனி செலவாகும். நாமக்கல் பண்ணைகளில் இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தீனியில் ஒரு முட்டை கிடைத்துவிடுகிறது. ஆகவே, பண லாபம் கருதிச் சிறு மனையில் கோழி வளர்க்கத் தொடங்குபவர் ஏமாற்றமே அடைவர். சோறு, கீரைத் தண்டு, தவிடு, குருணை முதலிய வீட்டு மிச்சங்கள் தீனியில் ஒரு பகுதியாக அமையுமானால்தான் கணக்கு ஒருவாறு சரிக்கட்டும். புது முட்டையும், தோட்டத்துக்கு எருவும், குழந்தைகளுக்குப் பிராணிகளிடத்துப் பழக்கமும் கிடைப்பதே உண்மையான லாபம்.

அயலார் ஆட்சேபங்கள்

அயலார் கூறும் ஆட்சேபங்களுள் முதலாவது சத்தம். இதற்குக் காரணம் பெரும்பாலும் சேவலே. விடியுமுன் கூவத் தொடங்கும் சேவல், இரவு வேலை முடித்து வந்து படுக்கும் தொழிலாளிக்குப் பெருந்துன்பம். ஆனால் முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்பதைப் பலர் அறியார். சேவல் இல்லாமலே பெட்டைக் கோழி முட்டையிடும். அம்முட்டை பொரியாது என்பது மட்டுமே வித்தியாசம். குஞ்சு வேண்டுவோர் கருக்கூடிய முட்டைகளை வெளியிலிருந்து வாங்கி அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தார் பெட்டைக் கோழியை அனுமதித்துச் சேவலை விலக்கி வைத்திருப்பது இக்காரணம் பற்றியே.

இரண்டாவது நாற்றமும் ஈயும். எச்சம் உலர்ந்திருக்கும்வரை நாற்றம் அதிகமில்லை. நனைந்தபோதுதான் அது பொறுக்க முடியாததாகிறது. கூட்டின் தரையில் உமியோ, மரத்தூளோ, நிலக்கடலைத் தோலோ பரப்பி, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். வெப்ப காலத்தில் ஈயின் முட்டை மறுபடியும் ஈயாக மாறுவதற்குச் சுமார் 7 முதல் 10 நாட்களாகும். ஆகவே வாரத்துக்கு இருமுறை ஈரக் குப்பையை அகற்றி, மூடிய எருக்குழியில் இடுபவர் வீட்டில் ஈ பெருக வழியில்லை.

மூன்றாவது எலியும் பெருச்சாளியும். இவை கோழியைத் தேடி வருவதினும் சிந்திய தீனியைத் தேடியே வருகின்றன. எலி வந்தால் அதன் பின்னே பாம்பும் வரும். இரவில் தீனித் தட்டை எடுத்து வைத்தலும், தீனியைத் தகர டப்பாவில் மூடி வைத்தலும் இதற்குப் பரிகாரம்.

இவற்றோடு, வெளியே சொல்லப்படாத ஆட்சேபம் ஒன்றும் சில இடங்களில் உண்டு. அது கோழி வளர்ப்போரின் உணவையும் வழக்கத்தையும் பற்றிய அருவருப்பு. சத்தமும் அசுத்தமும் அயலாருடைய விஷயம். பிறர் உண்பது இன்னதென்பது அயலாருடைய விஷயமன்று. இவ்விரண்டையும் கலந்து தடை கேட்பது முறையாகாது. அதேசமயம், புலால் உண்ணாத அண்டை வீட்டார் கண்ணெதிரே கொல்லையில் கோழி அறுப்பதைத் தவிர்ப்பது வளர்ப்போர் காட்ட வேண்டிய மரியாதையாகும்.

நோய்

மேற்கூறிய தொல்லைகளையெல்லாம் ஒரு வீட்டார் தாமே தீர்த்துக்கொள்ளலாம். நோய் விஷயம் அப்படியன்று. வெள்ளைக்கழிச்சல் என்று நம் ஜனங்கள் சொல்லும் இராணிக்கெட்டு நோய் ஒரு கொல்லையில் புகுந்தால் சில தினங்களில் தெரு முழுவதும் பரவி, தடுப்பூசி போடாத கோழிகளில் பெரும்பாலானவற்றை மாய்த்துவிடும். பறவைக் காய்ச்சலோ இன்னும் கடுமையானது. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மஹாராஷ்டிரத்தில் நவாபூரில் அது இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்நோய் உறுதியானால், சுற்றிலும் குறித்த தூரத்துக்குள் உள்ள கோழிகள் யாவும், நோயில்லாதவையுங்கூட, அழிக்கப்படும். ஒருவர் அசட்டையின் பலனைப் பலர் அனுபவிக்க நேரிடும்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், சுமார் 8-ஆம் வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். இங்கேதான் தனி வீட்டாருக்கு ஒரு சங்கடம். மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிகளுக்கோ அதற்கு மேலோ உரிய அளவில்தான் வருகிறது. அதைக் குளிர்ச்சியில் வைத்துக் காக்க வேண்டும். கரைத்தபின் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் உபயோகித்தாக வேண்டும். 4 கோழி உள்ளவர் குப்பியை உடைத்தால் 96 கோழிகளுக்குரிய மருந்து வீணாகும். ஆகவே பலர் ஊசியே போடாமல் விட்டுவிடுகின்றனர். நோய் பரவுவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

கூட்டு முயற்சி

25 வீட்டார் சேர்ந்தால் 100 கோழிகளாகும். ஒரு குப்பி சரியாய்ப் போதும். செலவும் ஒவ்வொருவருக்கும் சொற்பமே. அரசு கால்நடை மருந்தகத்தாரிடம் முன்னதாகச் சொல்லி ஒரே காலை வேளையில் வேலையை முடித்துவிடலாம். தீனியை மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் சிலர் கூடிப் பண்டகசாலை ஆரம்பித்ததும் தனித்து வாங்குவோர் படும் நஷ்டத்தைக் கண்டேயாகும். அயலார் ஆட்சேபத்தையும் இச்சங்கமே கேட்டுத் தீர்க்குமானால் வழக்கு வம்புகளுக்கு இடமிராது.

எந்த வீட்டில் எத்தனை கோழி என்னும் ஜாபிதா ஒன்றும் அவசியம். இங்கிலாந்தில் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல், ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் பதிவு செய்தாக வேண்டும். நோய் வந்தால் யாருக்கு எச்சரிக்கை அனுப்புவது என்பதை அறிவதற்கே இந்த ஏற்பாடு.

அனுசரிக்கத்தக்க விதிகள்

1. வீட்டுக்கு 4 அல்லது 5 பெட்டைகளுக்கு மேல் வேண்டாம், சேவல் கூடாது.

2. இரவுக் கூட்டில் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடியும், பகலில் உலாவ வேலியிட்ட இடம் 10 சதுர அடியும் இருத்தல் நலம். கூடு அயலார் ஜன்னலை ஒட்டி இருக்கலாகாது.

3. ஈரக் குப்பையை வாரம் இருமுறை அகற்றுக.

4. தடுப்பூசி நாளில் எல்லா வீட்டாரும் கோழிகளைக் கொண்டுவருக. தவறியவருக்கு அனுமதி நிற்கும்.

5. புதிதாக வாங்கிய கோழியை 2 வாரம் தனியே வைத்திருந்து பிறகு சேர்க்குக.

6. கோழியையும் முட்டையையும் தொட்டபின், குழந்தைகள் முக்கியமாக, சோப்பிட்டுக் கை கழுவுக.

7. பல கோழிகள் ஒருங்கே இறந்தால் மறைக்காமல் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்குக.

இவ்விதிகளை அனுசரிக்க இயலாத தெருவில் கோழி வேண்டாமென்பதே சரி. அனுசரிக்கும் தெருவில் அதைத் தடுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுமில்லை. இவ்விஷயத்தில் அக்கறையுள்ள வாசகர்கள் முதலில் தங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் வீடுகளைக் கணக்கெடுத்து, அடுத்த தடுப்பூசிக்கு ஒரு நாளைக் குறிப்பார்களாக. மற்றவை அதிலிருந்து தாமே தொடரும்.