பழைய பிக்கப் வண்டி எவ்வளவு பாரம் தாங்கும்?

நுரைச்சோலையின் மணற்பாங்கான தோட்டங்களில் விளையும் வெங்காயம், மிளகாய், பூசணி ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்லக் கமக்காரர் பலர் பழைய பிக்கப் வண்டிகளையே நம்பியுள்ளனர். ஒரு நடையை மிச்சப்படுத்தும் எண்ணத்துடன் பெட்டி கொள்ளுமட்டும் பாரம் ஏற்றுவோரும் உளர். பெட்டியின் கொள்ளளவு வேறு, வண்டியின் தாங்குதிறன் வேறு என்பதை அறிதல் வேண்டும்.

பாரத்தைக் கணக்கிடும் முறை எளிது. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து அதன் வெற்று எடையைக் கழித்திடுக. உதாரணமாக, மொத்த எடை 2,500 கிலோ, வெற்று எடை 1,500 கிலோ எனின் மீதி 1,000 கிலோ. சாரதிக்கும் உதவியாளுக்குமாக 130 கிலோவும், பின்னர் பொருத்திய இரும்புச் சட்டத்துக்கு 70 கிலோவும் இதிற் கழியும். எஞ்சுவது 800 கிலோ. அதாவது 50 கிலோ வெங்காய மூடைகள் 16 மட்டுமே. உலர்ந்த மணலாயின் அரைக் கன மீற்றரே ஏறத்தாழ 800 கிலோ ஆகும். ஈரமணல் இதனினும் கனமானது.

நீர்த்தாங்கியுடன் டிரெயிலர் இழுப்போர் கவனிக்க: 1,000 லீற்றர் நீரின் எடை 1,000 கிலோ. தாங்கியின் எடையும் டிரெயிலரின் எடையும் இதனுடன் சேரும். பிரேக் இல்லாத டிரெயிலருக்குரிய வரம்பு மிகக் குறைவு. வண்டியின் கையேட்டைப் பார்த்தே இழுத்தல் வேண்டும். டிரெயிலரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு கொக்கியின்மேல் அழுத்துதல் நன்று. அதனையும் வண்டியின் பாரத்துடன் சேர்த்தே எண்ணுக. டிரெயிலரின் பின்புறத்தில் பாரம் மிகுந்தால், வேகத்தில் அது இருபுறமும் ஆடி வண்டியையே கவிழ்க்கக்கூடும்.

மேற்கூறிய கணக்கு புதிய வண்டிக்கே முழுதும் பொருந்தும். கடலோர உப்புக்காற்றினால் சேசி துருப்பிடித்திருப்பின், ஏட்டில் உள்ள எடையை நம்புதல் ஆகாது. ஸ்பிரிங்கில் மேலும் ஒரு தகடு சேர்த்தால் வண்டியின் பின்புறம் உயரும். ஆயின் பிரேக்கோ, அச்சோ, டயரோ அதனால் வலுப்பெறுவதில்லை. டயரில் பொறித்த பாரக்குறியீட்டையும் நோக்குக. 100 என்னும் குறியீடு ஒரு டயர் 800 கிலோ வரை தாங்கும் என்பதைக் காட்டும். தேய்ந்த டயருக்கு இது பொருந்தாது.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் லொறி நிறுக்கும் தராசில் வெற்று வண்டியை நிறுத்து, சேசியையும் பிரேக்கையும் சோதிப்பித்துக்கொள்க. மூடைகளைப் பின் அச்சுக்குச் சற்று முன்னே தாழ அடுக்குக. இரு நடைக்குரிய பாரத்தை ஒரு நடையில் ஏற்றினால் மிஞ்சுவது எரிபொருட் செலவு. பிரேக் பிடிக்காவிடின் இழப்பதோ உயிர்.