வேருக்கும் மூச்சு உண்டு

பழவேற்காட்டுச் சேறு முதல் கும்மிடிப்பூண்டி ஆலை வாசல் வரை, செடிகள் கேட்பது என்ன? பள்ளி மாணவர்களுக்கு ஓர் அறிமுகம்

செடி வளர என்னென்ன வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வெயில், தண்ணீர், மண், உரம் என்று பதில் சரசரவென்று வரும். யாராவது ஒரு பிள்ளை கடைசியில் காற்றையும் சேர்க்கும். அதுவும் இலைக்கான காற்றுதான். வேருக்கும் காற்று வேண்டும் என்பது பெரியவர்கள் பலருக்கே நினைவிருப்பதில்லை. ஆசையாக நட்ட கன்றுகள் பட்டுப்போக இந்த மறதியும் ஒரு முக்கியக் காரணம்.

காற்றை மறந்தவர்களில் பெரிய விஞ்ஞானியும் உண்டு. இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மாண்ட், எடை பார்த்த மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை சுமார் 74 கிலோ கூடியது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு, 1648-ல் இந்தச் சோதனை நூலாக வெளிவந்தது. மரம் மண்ணைத் தின்று வளர்வதில்லை என்பதை அவர் நிரூபித்துவிட்டார். ஆனால், எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டினார். இலை காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு அவர் கணக்கில் வரவே இல்லை. இத்தனைக்கும் அந்த வாயுவை ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர்!

இலை, கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு வெயிலின் துணையோடு சர்க்கரை தயாரிக்கிறது. வேர் அந்தச் சர்க்கரையைச் செலவழித்துத்தான் வேலை செய்கிறது. அதற்கு நம்மைப் போலவே ஆக்சிஜன் வேண்டும். நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி, துகள்களுக்கு இடையிலான வெற்றிடம். அந்த இடத்தை நீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் காற்று வெளியேறிவிடும். மூச்சு முட்டிய வேரால் காலடியில் இருக்கும் தண்ணீரைக்கூட உறிஞ்ச முடியாது. இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து நாம் இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம். கதை முடிந்தது.

சேற்றில் நிற்பவை

சதுப்பிலும் குளத்திலும் வாழும் செடிகள் மட்டும் எப்படிப் பிழைக்கின்றன? திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போனால் விடை கிடைக்கும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் ஓரங்களிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில், கூர் சீவிய பென்சில்களை நட்டுவைத்ததுபோல் குச்சிகள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் மூச்சுவேர்கள். அவற்றின் மேலுள்ள நுண்துளைகள் வழியே காற்று அடிவேருக்குப் போகிறது. உப்பு அதிகமானால் இம்மரங்கள் இலை வழியே வெளியே தள்ளிவிடும்; இலையில் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். பக்கத்தில் தரையோடு படரும் உமரிச் செடியோ, சதைப்பற்றுள்ள இலைக்குள்ளேயே உப்பைச் சேர்த்துவைத்துச் சமாளிக்கிறது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படியும்போது மீனவர்களும் சூழலியலாளர்களும் பதறுவதற்குக் காரணங்கள் பல. மூச்சுவேரின் துளைகள் அடைபடுவதும் அவற்றில் ஒன்று.

தாமரைக்கு வேறு வழி. அதன் இலைக்காம்பைக் குறுக்கே நறுக்கினால் வரிசையாகத் துளைகள் தெரியும். ஒரு முழக் காம்பின் ஒரு முனையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வரும். இலையிலிருந்து சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குக் காற்று போகும் பாதை அதுவே.

பொன்னேரி, மீஞ்சூர் வயல்களில் நிற்கும் நெல்லுக்குள்ளும் இப்படிக் காற்றறைகள் உண்டு. தேங்கிய நீரில் நெல் வேர் அழுகாததன் ரகசியம் அதுதான். ஆனால், இலை நுனியும் மூழ்கிவிட்டால் அந்தப் பாதைக்குக் காற்று வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டியதுபோன்ற மழைக்கு விவசாயிகள் அஞ்சுவது இதனால்தான். சுமார் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கக்கூடிய ‘சி.ஆர். 1009 சப் 1’ போன்ற ரகங்கள் இதற்காகவே உருவாக்கப்பட்டன.

மேட்டில் நிற்பவை

மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் ஏறினால் செம்மண். அங்கே நிலக்கடலையைப் பாருங்கள். பூ மேலே பூக்கிறது. காய் மண்ணுக்குள் காய்க்கிறது. பூ வாடிய பின் விழுது இறங்கி மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. மண் இறுகியிருந்தால் விழுது இறங்காது. நாற்பத்தைந்து நாள் பயிரில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பது இதற்குத்தான். ஜிப்சம் தரும் கால்சியமும் கந்தகமும் பருப்பைத் திரட்சியாக்கும்.

மாவட்டம் முழுக்கத் தென்படும் பனையும் வேம்பும் நமக்கு மரங்கள்தான். ஆனால், வெளியே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல்லினம், வேம்பு மரம். இன்றைய தாவரவியலும் பனையைப் புல், மூங்கிலோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. வேம்பு இருவித்திலை. இந்த வேறுபாடு தேவையிலும் தெரியும். வேம்பின் கிளையை வெட்டினால் தழைக்கும். பனையின் குருத்தை வெட்டினால் மரமே போய்விடும். பனைவிதை முளைக்கும்போது முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். அந்த முளைதான் நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு. எனவே பனைக்கு, விதையை நேரே ஊன்றுவதே நல்லது.

ஆலை வாசலில்

இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வருவோம். பெரிய ஆலைகள் பலவற்றுக்கு, வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அனுமதியிலேயே உண்டு. கன்றுகளும் நடப்படுகின்றன. ஆனால், கட்டடம் கட்டும்போது கொட்டிய கிராவலும் இடிபாடும், லாரியும் ரோலரும் ஏறி இறங்கிய தரையும் அப்படியே இருக்கும். மண்ணின் வெற்றிடம் நசுங்கிக் கிடக்கும். அதில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினால், வடகிழக்குப் பருவமழையில் அது சின்னக் குளமாகிவிடும். வேர் மூழ்கும். தப்பிப் பிழைத்ததைச் சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும்.

இலைக்கும் சோதனைதான். உருக்காலைகள் இருக்கும் தெருவில் ஒரு வேப்பிலையை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணி கறுத்துவிடும். அந்தத் தூசி வெயிலை மறைக்கிறது, இலைத்துளைகளையும் அடைக்கிறது. மழையில்லாத மாதங்களில் தண்ணீர் தெளித்து இலையைக் கழுவிவிடுவது வேருக்கு ஊற்றுவதைப் போலவே முக்கியம்.

எந்த இடத்துக்கு எந்த மரம் என்பதும் பெரிய ரகசியமில்லை. நீர் தேங்கும் பள்ளமா? நாவல், நீர்மருது, புங்கன் தாங்கும். உப்புக்காற்று வீசும் கரையோரமா? பூவரசு நிற்கும். வேம்புக்கு, நீர் வடியும் மேடுதான் பிடிக்கும்.

பள்ளியின் பசுமைப் படை சார்பில் கன்று நட உங்களை அழைத்தால், கன்றைக் கையில் வாங்குமுன் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலையிலும் அது வடியாமல் நின்றால், அடியில் கடப்பாரை போட்டு இறுக்கத்தை உடைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்ப வேண்டும். அதன் பிறகும் நீர் நின்றால் வேம்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு அங்கே நீர்மருதை வையுங்கள். நடுவிழா ஒரு நாள் தள்ளிப்போகும். போகட்டும்.