பாட்டு இருக்கிறது, தேடினால்தான் வரமாட்டேன் என்கிறது

தேனி மாவட்டத்தில் பாட்டுச் சேர்ப்பவர் வீட்டில் இளையராஜா பாட்டு இல்லாமல் இருக்காது. அவர் பிறந்த பண்ணைப்புரம் இருப்பதே இந்த மாவட்டத்தில்தான். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்து இளையராஜா இசையமைத்த படங்கள் ஆயிரத்தைத் தாண்டும். பாட்டுக் கணக்கை ஏழாயிரம் என்பார்கள். அவர் இசையில் படம் எடுத்த பாரதிராஜா அல்லிநகரம், வரி எழுதிய வைரமுத்து வடுகபட்டி, எல்லாம் பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரம். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் பன்னிரண்டாயிரம் பாட்டு இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்த கேசட்டிலிருந்து மாற்றியது, எம்பி3 சிடியில் வந்தது, சித்தப்பா பென் டிரைவில் போட்டுத் தந்தது என்று மூன்று தலைமுறைச் சேர்மானம் அதில் கிடக்கும்.

அப்படி ஒரு வீட்டை உத்தமபாளையத்தில் வைத்து யோசிப்போம். ஒரு பழைய கம்ப்யூட்டரோ, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரோ மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் நேவிட்ரோம், ஜெல்லிஃபின், பிளெக்ஸ், லிரியன் என்று ஏதாவது ஒரு பாட்டு சர்வர் மென்பொருள். வீட்டில் யார் வேண்டுமானாலும் தங்கள் போனிலிருந்து தேடிப் போட்டுக்கொள்ளலாம். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ‘அன்னக்கிளி’ என்று அடித்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. வீட்டில் உடனே தீர்ப்பும் வந்துவிடும்: “பாட்டு கூடிப்போச்சு, மெஷின் தாங்கல. புதுசு வாங்கணும்.”

பர்ஸை எடுக்கும் முன் ஒரு டீ சொல்லுங்கள். அது வருவதற்குள் ஒரு கணக்குப் போட்டுவிடலாம்.

தேடும்போது சர்வர் பாட்டுக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதில்லை. பாட்டைச் சேர்த்த அன்றே ஒருமுறை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பாட்டின் பெயர், படம், பாடியவர், இசை, கோப்பு இருக்கும் இடம் இவற்றை மட்டும் ஒரு தரவுத்தளத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன நான்கும் இதற்குப் பயன்படுத்துவது எஸ்க்யூலைட் என்ற இலவசத் தரவுத்தளம். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-இல் எழுதத் தொடங்கியது. உங்கள் கையில் இருக்கும் போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. ஒரு பாட்டின் விவரத்துக்குத் தாராளமாக ஒரு கிலோபைட் என்று வைத்தாலும், பன்னிரண்டாயிரம் பாட்டுக்கு மொத்தம் 12 எம்பி. போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோவின் அளவு. அதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாலும் பழைய மெஷினுக்குக்கூட ஒரு நொடிக்கு முன்பின்தான் ஆகும். தேடல் பத்து நொடி எடுக்கிறது என்றால், மிச்ச ஒன்பது நொடி வேறெங்கோ போகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குச் சில சோதனைகள் போதும். ஒன்றுக்கும் காசு செலவில்லை.

முதலில், ஒரே சொல்லை அடுத்தடுத்து இரண்டு முறை தேடிப் பாருங்கள். முதல் முறை எட்டு நொடி, இரண்டாம் முறை கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது என்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். வெளியே தொங்கும் டிஸ்க்குகள் பல கொஞ்ச நேரம் வேலை இல்லாவிட்டால் தட்டைச் சுற்றாமல் நிறுத்திவிடும். மறுபடி சுற்றி வேகம் எடுக்கவே ஐந்திலிருந்து பத்து நொடி ஆகலாம். பாட்டுகள் அந்த டிஸ்க்கிலேயே இருக்கட்டும், தரவுத்தளக் கோப்பை மட்டும் சுற்றும் தட்டே இல்லாத ஒரு சின்ன எஸ்எஸ்டிக்கு மாற்றினால் இந்தத் தொல்லை தீரும். தரவுத்தளத்தைப் பென் டிரைவிலோ, நெட்வொர்க் வழியாக வேறு மெஷினின் ஃபோல்டரிலோ வைத்திருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

அடுத்து, போனில் தேடுவதை சர்வர் ஓடும் மெஷினிலேயே பிரவுசரைத் திறந்து தேடுங்கள். அங்கே வேகம், போனில் மெதுவு என்றால் தேடல் மேல் பிழையில்லை. இடையில் இருக்கும் வைஃபை, கெட்டிச் சுவர், பழைய போன் இவற்றில் ஒன்று. பதிலோடு ஐந்நூறு ஆல்பப் படங்களும் சேர்ந்து வருகின்றனவா என்றும் கவனியுங்கள். பதில் எப்போதோ வந்திருக்கும், அட்டைப் படங்களைச் சிறிதாக்கி அனுப்புவதில்தான் சர்வர் திணறிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாக, இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். வீட்டு வைஃபை ஓடட்டும், வெளியே போகும் இணைப்பு மட்டும் வேண்டாம். இப்போது தேடல் பறந்தால், நீங்கள் எப்போதோ சேர்த்த ஆன்லைன் பாட்டுச் சேவைகள்தான் காரணம். லிரியன் போன்றவற்றில் அதற்கான பிளகின் என்ற துணை நிரலைப் போட்டிருந்தால், வீட்டுப் பாட்டைத் தேடும்போதே வெளியிலும் கேட்டுவிட்டு வரச் சொல்லி இருப்போம். வெளியிலிருந்து பதில் வரும்வரை வீட்டுப் பதிலும் காத்து நிற்கும். தேவைப்படாத பிளகினை நிறுத்திவிடலாம்.

நான்காவதாக, ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சில அமைப்புகளில் கரண்ட் போய் வந்து மெஷின் எழுந்ததும் முழு ஸ்கேன் தானாகத் தொடங்கிவிடும். ராஸ்பெர்ரி பையில் அந்த நேரத்தில் தேடினால் இழுக்கத்தான் செய்யும். ஸ்கேனை ராத்திரி இரண்டு மணிக்குத் தள்ளிவிட்டால் பகலில் தொந்தரவு இருக்காது.

இந்த நான்கிலும் பிடிபடவில்லை என்றால்தான் தரவுத்தளத்தின் உள்ளே போக வேண்டும். அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர் மொய் நோட்டு ஒன்று போதும்.

மொய் நோட்டில் வந்தவர் வரிசையில் எழுதுவார்கள். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, தேவாரம் மாடசாமி எவ்வளவு செய்தார் என்று பார்க்க வேண்டுமானால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். அதனால்தான் விவரமானவர்கள் அதைப் பிறகு ஊர்வாரியாகப் பிரித்து இன்னொரு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தரவுத்தளத்தில் இந்த இரண்டாவது நோட்டுக்கு இன்டெக்ஸ் என்று பெயர். பெயரை அகர வரிசையில் எழுதி வைத்தால் ‘மாட’ என்று தொடங்குபவரை நேராகப் பிடித்துவிடலாம். ஆனால், “பேரு நினைவில்ல, சாமின்னு முடியும்” என்று சொன்னால் அந்த வரிசை உதவாது. திரும்பவும் முழு நோட்டையும் புரட்டத்தான் வேண்டும். சொல்லின் நடுவில் எங்கே இருந்தாலும் தேடு என்று கேட்கும்போது எஸ்க்யூலைட்டும் இதையே செய்கிறது. அதிலும் தேடல் பெட்டி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்வி அனுப்பும் வகையாக இருந்தால், ‘அன்னக்கிளி’ அடித்து முடிப்பதற்குள் நோட்டை ஐந்தாறு முறை புரட்டியாகிவிட்டது. முழுச் சொல்லையும் வேறு இடத்தில் அடித்துவிட்டு மொத்தமாக ஒட்டிப் பாருங்கள். வேகம் கூடினால் காரணம் இதுதான்.

இதற்கு மருந்தாக எஸ்க்யூலைட்டிலேயே முழு உரைத் தேடல் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, அது எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். லிரியனில் இது ஒரு பிளகினாக வருகிறது. அதே லிரியனின் செயல்திறன் அமைப்பில் தரவுத்தளத்துக்கு எவ்வளவு நினைவகம் கொடுக்கலாம் என்ற தேர்வும் உண்டு. மெஷினில் ரேம் மிச்சம் இருந்தால் அதைக் கூட்டிவைக்கலாம். இங்கிலீஷ் பாட்டு கேட்பவருக்கு இதோடு கதை முடிந்துவிடும். நமக்கு இனிமேல்தான் தொடங்குகிறது.

எஸ்க்யூலைட் சொற்களைப் பிரிக்க யூனிகோட்61 என்றொரு பிரிப்பானை வைத்திருக்கிறது. எழுத்து, எண் இரண்டையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொண்டு மற்றதெல்லாம் இடைவெளி என்று விட்டுவிடுவது அதன் வழக்கம். கம்ப்யூட்டருக்கான எழுத்துப் பட்டியலான யூனிகோடில் நம் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் வரவில்லை, குறி என்ற தனி வகையில் இருக்கின்றன. ஆகவே அமைப்பை மாற்றாமல் விட்டால் அந்தப் பிரிப்பான் ஒவ்வொரு குறியிலும் சொல்லை வெட்டிவிடும். ‘இளையராஜா’ என்பது ‘இள’, ‘யர’, ‘ஜ’ என்று மூன்று துண்டாகிவிடும். ‘மான்’, ‘மீன்’, ‘முன்’ மூன்றும் அதன் கண்ணுக்கு ‘ம’, ‘ன’ என்ற ஒரே சரக்கு. ‘ம’ இல்லாத தமிழ்ப் பாட்டு எங்கே கிடைக்கும்? வேண்டாத பாட்டெல்லாம் வந்து குவியும், அவற்றின் அட்டைப் படங்களும் சேர்ந்து வரும், திரை நகராது.

உங்கள் சர்வரில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ‘மான்’ என்று தேடுங்கள். மீன் வந்து நின்றால் இருக்கிறது என்று பொருள். சரி செய்வதும் மலையைப் புரட்டும் வேலையில்லை. அந்தப் பிரிப்பானின் அமைப்பில் குறிகளையும் எழுத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொல்ல ஒரு வரி போதும். நீங்கள் நிரல் எழுதுபவர் இல்லையென்றால் மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு இந்த மான், மீன் உதாரணத்தோடு எழுதுங்கள். இந்திக்கும் வங்காளத்துக்கும் இதே சிக்கல்தான் என்பதால் நம் ஒரு மொழிக்கான சலுகையாக அவர்கள் நினைக்க மாட்டார்கள்.

2020 டிசம்பரில் வந்த எஸ்க்யூலைட் 3.34 பதிப்பில் மும்மூன்று குறியீடாக வெட்டித் தேடும் இன்னொரு முறையும் சேர்ந்தது. நடுவில் இருக்கும் துண்டையும் அது வேகமாகப் பிடிக்கும். ஆனால் மூன்று குறியீட்டுக்குக் குறைந்தால் பிடிக்காது. ‘பூ’, ‘தீ’ இரண்டும் எழுத்து ஒன்று, குறி ஒன்று என்று இரண்டிரண்டு குறியீடுதான், மாட்டாது.

சொல்லின் நடுவில் தேடுவது நமக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 1983-இல் வந்த பாரதிராஜா படத்தை ஒருவர் ‘மண் வாசனை’ என்று பிரித்து எழுதியிருப்பார், இன்னொருவர் ‘மண்வாசனை’ என்று சேர்த்து எழுதியிருப்பார். சொல்லின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளில் ‘வாசனை’ என்று தேடினால் இரண்டாமவர் கோப்பு வரவே வராது. நேவிட்ரோம் இயல்பாக அப்படித்தான் தேடும். சொல்லின் நடுவிலும் பார்க்கச் சொல்லும் அமைப்பு ஒன்று அதில் இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். வேகம் சற்றுக் குறைந்தாலும் பாட்டு கிடைக்கும்.

கடிகாரம் எதைக் காட்டினாலும், தேடல் முடிந்தது என்று எப்போது சொல்வோம்? வேண்டிய பாட்டு காதில் விழும்போதுதான். கால் நொடியில் ‘ஒன்றுமில்லை’ என்று பதில் தரும் சர்வரை நாலு விதமாக எழுத்தை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த நேரமும் தேடும் நேரக் கணக்கில்தான் சேரும். அந்த வகையில் பார்த்தால் பெரிய தாமதம் கோப்புகளின் பெயர்களில்தான் இருக்கிறது. இளையராஜா என்ற ஒரே பெயர் இங்கிலீஷில் நாலைந்து எழுத்துக்கூட்டலில் புழங்குகிறது. சர்வர் அவரை நாலைந்து தனித்தனி ஆட்களாகவே பதிந்துகொள்ளும். 1977-இல் வந்த ‘16 வயதினிலே’ ஒருவரிடம் எண்ணில் இருக்கும், இன்னொருவரிடம் ‘பதினாறு’ என்று எழுத்தில் இருக்கும். 1978-இன் ‘கிழக்கே போகும் ரயில்’ சிலரிடம் ‘இரயில்’.

பழைய எம்பி3 கோப்புகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐடி3 என்ற விவரச் சீட்டின் முதல் பதிப்பு பாட்டின் பெயருக்கு 30 பைட் இடம்தான் ஒதுக்கியது. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், இன்றைய யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். அந்தச் சீட்டில் ‘கிழக்கே போகும் ரயில்’ என்று எழுதினால் ‘கிழக்கே போ’ என்பதோடு ரயில் நின்றுவிடும். போதாததற்கு, ‘போ’ என்பதிலுள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாத மென்பொருள் ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டாது.

இதைத் திருத்த மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட், எம்பி3டேக் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான கோப்புகளின் விவரச் சீட்டை ஒரே மூச்சில் மாற்றலாம். விவரச் சீட்டைப் புதிய ஐடி3 பதிப்பில் எழுதச் சொல்லுங்கள். தமிழிலா இங்கிலீஷிலா என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் என்றால் பெயரைத் தமிழில் எழுதி, வரிசைப்படுத்தும் பெயர் என்ற இடத்தில் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலைப் போட்டுவையுங்கள். அந்த இடத்தையும் சேர்த்துத் தேடும் மென்பொருளில் அம்மா தமிழில் தேடினாலும் பேரன் இங்கிலீஷில் தேடினாலும் ஒரே பாட்டு வரும்.

ஆக, வரிசை இப்படி இருக்கட்டும். முதல் நாள் அந்த நான்கு சோதனை. தரவுத்தளத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது, வேண்டாத பிளகினை நிறுத்துவது, ஸ்கேனை ராத்திரிக்குத் தள்ளுவது எல்லாம் அன்றே முடிந்துவிடும். பிறகு மான், மீன் சோதனை. அதன்பின் பெயர் திருத்தம். அதை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், வாரத்துக்கு ஒரு இசையமைப்பாளர் என்று போகட்டும். திருத்தத் தொடங்கும் முன் பாட்டு ஃபோல்டரையும் தரவுத்தளத்தையும் வேறொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். முழுதும் திருத்தியபின் பழைய தரவுத்தளத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு ஸ்கேன். இவ்வளவுக்கும் பிறகு தேடல் இழுத்தால் அப்போது தாராளமாகப் புது மெஷின் வாங்கலாம். ஆனால் ‘ரயில்’ என்று எழுதி வைத்ததை ‘இரயில்’ என்று தேடினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினும் இல்லை என்றுதான் சொல்லும். கொஞ்சம் வேகமாகச் சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம்.