காரணிகள் நிறைந்த ஓர் எண்

ஒரு டஜன் வாழைப்பழத்தை இருவர், மூவர், நால்வர், அறுவர் என யாருக்கும் சமமாகப் பங்கிடலாம். 12க்கு 6 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இவ்வாறு தனக்கு முந்திய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையில் வெல்வதை 'மிகுபகு எண்' என்பர். 24, 36, 48, 60 ஆகியனவும் இவ்வினமே.

நம் கோட்டூர்புரத்துக்கு வடக்கேயுள்ள சென்னைத் துறைமுகத்தில் 1912இல் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே இவ்வெண்களைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள அட்டவணையின் கடைசி எண் 6746328388800. ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி!

அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். ஒரு காரணியை அமைக்கும்போது 2ஐ அறவே விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக 7 வழிகள். இப்படியே மற்றவற்றுக்கும் கணக்கிட்டால்,

7×5×3×3×2×2×2×2×2 = 10080 காரணிகள்!

முறைகள் 6, 4, 2, 2, 1 என இறங்குவது ஏன்? 2ஐவிட 3 அதிக முறை வந்தால், அம்முறைகளை இடம் மாற்றி, காரணிகள் குறையாமலே எண்ணைச் சிறிதாக்கிவிடலாமே!

கணிப்பொறி இல்லாத காலத்தில் உருவான அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று: 293318625600. அதற்கு 5040 காரணிகள். அதனை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். கிடைப்பது அட்டவணையின் கடைசி எண்ணேதான்!