பழைய இயக்க அமைப்பை நீக்குமுன்

தூத்துக்குடித் துறைமுகத்திற்குள் நுழையும் கப்பலைப் பைலட் ஏறி வழிகாட்டித் தளத்தில் சேர்க்கிறார். இரு இயக்க அமைப்புகள் கொண்ட கணிப்பொறிக்கும் அத்தகைய வழிகாட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் ‘கிரப்’.

2011இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. விண்டோஸ் 7க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. அதை நீக்கிவிட்டால் வட்டில் இடம் கிடைக்குமே என்று தோன்றும். எதை நீக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்பழைய பொறிகளில் கிரப்பின் முதல் துண்டு வட்டின் முதல் 512 பைட்டுகளில் அமர்ந்திருக்கும்; எஞ்சிய பகுதி லினக்ஸின் பாகத்தில் இருக்கும். ஆகவே விண்டோஸ் பாகத்தை அழித்தாலும் லினக்ஸ் துவங்கும். மாறாக, லினக்ஸ் பாகத்தை முதலில் அழித்தால் வழிகாட்டி பாதியில் நின்றுவிடும். விண்டோஸ் நலமாக இருந்தும் திறக்காது! அதை நீக்க விரும்புவோர், விண்டோஸ் நிறுவுத்தட்டைக் கொண்டு அதன் துவக்க நிரலை முன்னதாகவே மீட்டு எழுத வேண்டும்.

எதைச் செய்வதாயினும், படங்களையும் பாடக்குறிப்புகளையும் முதலில் வேறோர் இடத்தில் நகலெடுங்கள். அழித்த பாகத்தை மீட்பது, கடலில் விழுந்த முத்தைத் தேடுவது போன்றதுதான்.