ஒரு வீட்டுக்கு எத்தனை ஷாம்பூ?

நூம்பலில் முன்பெல்லாம் மாதம் பிறந்தால் வீட்டுக்கு ஒரு மளிகைச் சீட்டு கடைக்கு வரும். சீயக்காய்த் தூள் அரைக் கிலோ என்றிருந்தால் பாட்டிக்கும் அதுதான், பேத்திக்கும் அதுதான். சீட்டில் சுக்கும் பூண்டும் கூடினால் அந்த வீட்டில் பிரசவம் என்று நமக்குத் தெரியும். அப்படி வீட்டை அறிந்துதான் கடனும் கொடுத்தோம்.

ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் தனியே தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்பூவைக் கொண்டுவந்தார். காலி பாக்கெட் ஐந்து கொடுத்தால் ஒன்று இலவசம் என்றார். புட்டி வாங்க வழியில்லாத கூலிக்காரரும் ஷாம்பூ போட்டார். நாமும் சரம் சரமாக விற்றோம். குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால் அந்தச் சரத்தில் ஆளுக்கொன்று கிழித்தபோதே வீட்டுச் சீட்டும் கிழிந்தது. அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு வேறொன்று. இப்போது அவரவர் கைப்பேசியில் அவரவருக்கு வேண்டியதை வரவழைக்கிறார்கள். கணக்கு நோட்டில் யார் பெயரை எழுதுவது?

சென்ற மாதம் நாம் சரக்குப் போடும் கடை ஒன்றில் நின்றிருந்தோம். பழைய வாடிக்கை வீட்டு அம்மா வந்து சீயக்காய்த் தூள் நூறு கிராம் கேட்டார்.

"அரைக் கிலோ வாங்குவீங்களேம்மா?"

"எனக்கு மட்டும்தானே தம்பி" என்றார்.