எழுத்துப் பட்டறை

எழுதும் கலையைக் கல்லூரியில் கற்பிக்க இயலுமா என்று மாணவர் வினவுவதுண்டு. கற்பனையை எவரும் ஊட்ட இயலாது. ஆயினும், தாம் எழுதியதைப் பிறர் கண்கொண்டு நோக்கப் பழக்கலாம் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936ஆம் ஆண்டில் இதற்கெனப் பட்டறை ஒன்றைத் தொடங்கிற்று. இத்தகைய பட்டறைகளின் முறை எளிது. ஒருவர் எழுதியதை ஏனையோர் முன்னரே படித்து வருவர். அவர்கள் குறைநிறைகளை எடுத்துரைக்க, எழுதியவர் வாய் திறவாது கேட்டிருப்பார். 1967இல் அப்பல்கலைக்கழகம் பன்னாட்டு எழுத்தாளர்க்கும் தனித் திட்டம் வகுத்தது. அதன்வழி 1973இல் அங்குச் சென்ற அசோகமித்திரன், அவ்வனுபவத்தை 'ஒற்றன்' என்னும் நாவலாக்கினார்.

சவ்வாது மலையிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு இம்முறை பெரிதும் பயன்படும். சாமை விளையும் மண்ணில் பிறந்தவர், தம் ஊர்ச்சொல் ஏட்டுக்கு ஒவ்வாதென அஞ்சி, "இயற்கை எழில் கொஞ்சுகிறது" என்று எழுதி முடித்துவிடுவார். ஆசிரியப் பணியில் நான் பலமுறை கண்டது இது. "சாமையை எவ்வாறு குற்றுவீர்கள்? உமியை எதனால் புடைப்பீர்கள்?" எனச் சமவெளித் தோழர் கேட்கும்போதுதான், தாம் எழுதாது விட்ட செல்வம் எதுவென உணர்வார். அச்சொற்களை அவர் எழுதாவிடின் வேறு எவர் எழுதுவார்?

ஆதலால் மாணவர்களே, ஐவராகக் கூடுங்கள். வாரம் ஒரு பக்கம் எழுதிப் படியுங்கள். பொய்ப்புகழும் வேண்டா, ஏளனமும் வேண்டா. இதற்குத் தனிக் கட்டடம் தேவையில்லை; கல்லூரி மரத்தடியே போதும்.